மருந்தின் அளவு



ஆவடியில் 1961-ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அங்குப் பணிபுரிந்தோரின் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் பயின்றனர். போர்களைப் பற்றிய பாடம் வந்தால், தளபதிகளை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பற்றியே கேட்பார்கள். அவற்றுள் எனக்கு மிகவும் உவப்பான வினா ஒன்று உண்டு: "தோட்டாவில் இவ்வளவு மருந்துதான் இடலாம் என்று கண்டறிந்தவர் யார்?" அவ்வினாவின் விடை நம்மைக் கடலூருக்கு அழைத்துச் செல்லும்.

பழங்காலத்துப் பீரங்கிக்காரர் கரண்டியால் அள்ளி மருந்திட்டனர். குண்டின் எடையில் இத்தனை பங்கு என்று வழிவழியாக வந்த வழக்கே அவர்க்குக் கணக்கு. மிகுந்துவிட்டால் குழல் பிளக்கும். பகைவனுக்கு முன்னே சுட்டவன் மாய்வான். நம் திருவிழாக்களில் வேட்டுப் போடுவோர் பலரும் கைப்பழக்கத்தை நம்புவதைக் கண்டு நான் பலமுறை அஞ்சியிருக்கிறேன்.

இக்கரண்டிக் கணக்கை மாற்றியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1742-இல் அவர் வெளியிட்ட நூலில் எளிய கருவியொன்று விளக்கப்பட்டது. கனத்த ஊசல் ஒன்றின் மரப்பலகையில் குண்டைச் சுட வேண்டும். குண்டின் எடை, ஊசலின் எடை, ஊசல் விலகிய தூரம் ஆகியவை தெரிந்தால் குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். கண்ணுக்குப் புலனாகாத வேகம் எண்ணாக வந்து நின்றது! மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, குழல்தான் துன்புறுகிறது என்பதும் தெளிவாயிற்று. புகழ்பெற்ற ஆய்லர் அந்நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் விளக்கவுரையுடன் வெளியிட்டார்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் அது மீண்டது. பழுதுற்ற கோட்டைகளைச் சீர்செய்யக் கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டைக்கு வந்தவர், 1751 ஜூலை 29-ஆம் நாள் காய்ச்சலால் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 44. அக்கோட்டையைப் பற்றிப் பேசுவோர் கிளைவின் பெயரைச் சொல்வர். இவரை நினைப்போர் மிகச் சிலரே.

அடுத்த பெருமாற்றம் புகையில்லா மருந்தால் வந்தது. 1884-இல் பிரான்சில் வியே அதனை ஆக்கினார். 1889-இல் இங்கிலாந்தில் கார்டைட் பிறந்தது. நீலகிரியின் அருவங்காட்டில் 1904-இல் அதற்கெனவே தொழிற்சாலை எழுந்தது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தைச் சார்ந்துள்ளது.

புதுமருந்து, அதே எடையுள்ள கரிமருந்தைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றலுடையது. பழைய அளவுப்படியால் அதனை அள்ளி இட்டவர்களின் துப்பாக்கிகள் சிதறின. வெப்ளி கைத்துப்பாக்கியின் தோட்டா இதற்கு நல்ல சான்று. கரிமருந்துக்கென அமைந்த அதன் கூடு, கார்டைட்டுக்கு அவ்வளவு இடம் வேண்டாமையால் 1897-இல் குட்டையாக்கப்பட்டது.

கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடு மிகச் சிறியது. ஆதலின் மருந்து சற்று மிகுந்தாலும், குண்டு சற்று ஆழமாக அமர்ந்தாலும், உள்ளே அழுத்தம் கடுமையாக ஏறிவிடும். இன்றைய அட்டவணைகளைத் தருவோர், அவ்வழுத்தத்தைக் கருவிகளால் அளந்த பின்னரே எண்ணை எழுதுகின்றனர். அந்த எண் குறிப்பிட்ட ஒரு மருந்துக்கும், ஒரு குண்டுக்கும், ஒரு கூட்டுக்கும் மட்டுமே உரியது. ஒன்றை மாற்றினாலும் எண் செல்லாது; நண்பர் வாய்மொழியாகச் சொன்ன அளவும் செல்லாது. தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ள உரிமையுள்ள நாடுகளில், அறிந்தவர்கள் மருந்து செய்தோர் தந்த அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகவே ஏறுவர். குறித்த உச்சத்தைக் கடவார். நம் நாட்டிலோ, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வதே குற்றம்.

என் மாணாக்கர்கள் இத்தனையும் கேட்ட பிறகு, "ராபின்ஸ் தம் ஊசலைக் கடலூருக்குக் கொண்டுவந்தாரா, ஐயா?" என்றுதான் கேட்டார்கள்.