உரிமம் முதல் இ-பாஸ் வரை: நீலகிரி, பழனி மலைகளில் விளையாட்டும் பொழுதுபோக்கும்

உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இயற்கையாக அமைந்தவை அல்ல. இரண்டுமே ஆங்கிலேய கலெக்டர்களின் கைவேலை. உதகை ஏரியை 1823 முதல் 1825 வரையான ஆண்டுகளில், மலையோடைகளை மறித்து, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கினார். கொடைக்கானல் ஏரி 1863இல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியில் உருவானது. சுற்றுலாக் கையேடுகள் இந்தச் செய்தியோடு நின்றுவிடுகின்றன. அந்தத் தண்ணீரிலும் அதைச் சுற்றிய புல்வெளியிலும் விளையாட யாருக்கு அனுமதி இருந்தது, அதைக் கொடுத்தவர் யார், அது எப்படிக் கைமாறியது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

மலைக்கு வெள்ளையர் முதலில் வந்தது விளையாட அல்ல, பிழைக்க. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் அவர்களை மேலே துரத்தின. மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் சிறுமலையை முயன்று பார்த்து, அது ஒத்துவராமல் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். உடல் தேறியவருக்குப் பொழுது போகவேண்டுமே! குதிரைச் சவாரி, படகு, நடை எல்லாம் அப்படித்தான் தொடங்கின. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவரப்பட்டது. 1872இல் செங்குத்துச் சரிவின் விளிம்பில் கோக்கர்ஸ் வாக் நடைபாதை அமைந்தது. படகுக் கழகம் 1890இலும் கோல்ஃப் கழகம் 1895இலும் வந்தன. இத்தனைக்கும் அப்போது கொடைக்கானலுக்கு வண்டிச் சாலை கிடையாது. அடிவாரத்திலிருந்து மனிதத் தோள்களில் டோலி ஏறியது. லாஸ் காட் சாலை 1914இல் முடிந்து, 1916இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதாவது, கொடைக்கானலின் முதல் அரை நூற்றாண்டுப் பொழுதுபோக்கை மூட்டை சுமந்தவர்களே மேலே ஏற்றிவைத்தார்கள். கழக வரலாறுகளில் தலைவர்கள் இருக்கிறார்கள், சுமந்தவர்கள் இல்லை.

நீலகிரியில் கதை வேறு. அங்கே ஏரியைவிடப் புல்வெளிதான் முக்கியம். தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த அந்த விரிந்த வெளி, குதிரையேறி வந்தவர்களின் கண்ணுக்கு ஆளற்ற மைதானமாகத் தெரிந்தது. நரி இல்லாத குறைக்குக் குள்ளநரியை விரட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்கள் வந்தன. பிற்பாடு அந்த வெளியில் ஒரு பகுதிக்கு, 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரும் சூட்டப்பட்டது. குதிரைப் பந்தயம் 1886இல் தொடங்கியது. பந்தயத் திடலுக்கும், பின்னாளில் பேருந்து நிலையத்துக்கும் இடம் கொடுத்தது ஏரிதான். சல்லிவன் கட்டிய ஏரியின் பரப்பு இன்று இல்லை. ஒரு விளையாட்டு இன்னொரு விளையாட்டின் தண்ணீரைக் குடித்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

துப்பாக்கியின் கதைக்கு வருவோம். வரையாட்டை வெள்ளைய வேட்டைக்காரர்கள் ‘நீலகிரி ஐபெக்ஸ்’ என்று அழைத்தார்கள். ஐபெக்ஸுக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. ஆனால் ஆல்ப்ஸ் மலைப் பெயர் ஒட்டியிருந்தால் சுவரில் மாட்டிய தலைக்கு மதிப்புக் கூடுதல். அரை நூற்றாண்டுச் சூட்டில் விலங்குகள் அருகியதும் 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் அமைத்தனர். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம், வேட்டைக்கு மூடுகாலம், மீறினால் தண்டனை என்ற ஏற்பாடு மலைக்கு ஏறியது. இதை இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் முன்னோடி என்று கொண்டாடுவது வழக்கம். பாதி உண்மை. வரையாடு இன்றும் முக்குருத்தியில் நிற்பதில் அந்தச் சங்கத்துக்குப் பங்குண்டு. ஆனால் அந்தச் சட்டம் காத்தது விலங்கை மட்டுமல்ல, விளையாட்டையும்தான். உரிமம் வாங்கிச் சுட்டவர் கனவானாகவும், வயிற்றுக்காகக் கண்ணி வைத்தவர் திருடராகவும் எழுதப்பட்ட காலம் அது. அந்தக் கனவானுக்குத் தடம் காட்டிக் கூட்டிப்போனவர் பெரும்பாலும் மலைவாசியே.

மீனும் இதே வழியில் வந்தது. இங்கிலாந்தின் ஓடைகளை இங்கே காண ஏங்கியவர்கள் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவரப் பலமுறை முயன்றார்கள். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகுதான் அது நிலைத்தது. தூண்டில் போடவும் உரிமம் வேண்டியிருந்தது.

ரயில் இந்த அமைப்பைக் கொஞ்சம் அசைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் மலை ரயில் எட்டியதும், ஆளுநரின் கோடைத் தலைநகரம் மற்றவர்களுக்கும் ஒருநாள் பயணத் தொலைவானது. கொடைக்கானல் படகுக் கழகம் 1932இல் தற்காலிக உறுப்பினர் என்ற ஏற்பாட்டின் மூலம் பொதுமக்களையும் படகில் ஏற்றியது. சிறிய விதிமாற்றம்தான், ஆனால் இம்மலைகளின் வரலாற்றில் இதை ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். பிறப்பும் பதவியும் திறந்த கதவைக் காசும் திறக்கலாம் என்று ஆனது அப்போதுதான். அதே 1932இல் பைக்காரா நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் குந்தா திட்டம் அவலாஞ்சி, எமரால்டு முதலிய நீர்த்தேக்கங்களைத் தந்தது. மின்சாரத்துக்காகத் தேங்கிய தண்ணீர் பின்னர் காட்சித் தலமாயிற்று. பைக்காராவில் இன்று மோட்டார் படகில் சீறுபவர்களில் எத்தனை பேருக்கு அது மின்வாரியத் தண்ணீர் என்று தெரியும்?

உதகை ஏரியில் சுற்றுலாத் துறையின் படகு இல்லம் 1980களின் நடுவில் வந்தது. மிதிபடகு, துடுப்புப் படகு, கரையில் குதிரைச் சவாரி, சுட்ட சோளம் என மே மாத விடுமுறையின் இலக்கணம் அங்கேதான் உறுதிப்பட்டது. திரைப்படப் பாடல்களுக்கும் இதில் கணிசமான பங்குண்டு. விளையாட்டு என்பது சீட்டு வாங்கி அரைமணி நேரம் அனுபவிக்கும் பண்டமாயிற்று.

வேட்டை இதற்குள் ஓய்ந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்துவைத்தது. அதற்கு முன்பே ஒரு மாற்றம் நடந்தது. 1877இல் உருவான அந்த வேட்டைச் சங்கத்தைச் சேர்ந்த ஈ.ஆர்.சி. டேவிதார் 1963இல் வரையாடுகளைச் சுடுவதற்குப் பதில் எண்ணக் கிளம்பினார். நீலகிரி வரையாடுகளை நடந்தே கணக்கெடுத்து, 1975இல் அதை மீண்டும் செய்தார். மலையில் நடப்பதற்கு அறிவியல் ஒரு காரணமாக அமைந்தது அப்படித்தான். தமிழக அரசு இன்று அக்டோபர் 7ஐ வரையாடு நாளாக அவர் நினைவில் கடைப்பிடிக்கிறது.

மலையேற்றத்துக்குத் தமிழகத்தில் நீண்டகாலம் தெளிவான விதி இல்லை. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தனர். அதே ஆண்டில் ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 1879இன் சட்டம் விலங்கு குறைந்ததால் வந்தது; 2018இன் விதி மனிதர்கள் இறந்ததால் வந்தது. இரண்டிலும் இழப்பு முதலில், விதி பிறகு. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை, குறிப்பாகப் பழங்குடியினரை, வழிகாட்டிகளாக அமர்த்தியது. டோலி சுமந்தவரும் தடம் காட்டியவரும் முதன்முறையாக அரசின் ஏட்டில் ஏறினார்கள்.

அனுமதியின் அண்மைய வடிவம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமானது. 2025 கோடையில் வண்டிகளுக்கு உச்சவரம்பும் வந்தது: உதகைக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த வரம்பு வண்டிகளை எண்ணியது. ஏரியில் இறங்கும் கழிவுநீரையோ, புல்வெளியை மிதிக்கும் கால்களையோ எண்ணவில்லை. இனி எந்தத் தடத்தைத் திறப்பது, எந்தப் பருவத்தில் மூடுவது என்ற முடிவு வனத்துறை மேசையில் மட்டும் நடக்கக்கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தன் காட்டைக் காக்கும் அதிகாரத்தை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. வழிகாட்டி வேலையோடு நிறுத்தாமல், அனுமதி தரும் இடத்திலும் தோடர், குறும்பர், பளியர் பழங்குடி ஊர்களின் சபைகளை அரசு அமர்த்த வேண்டும்.