ஸ்ரீபண்டாரமும் பண்டாரமும்: பள்ளி நிதியை ஒன்றாக்குவது குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் பத்மதீர்த்தக் குளத்தையும் மேத்தன் மணியையும் பார்த்துவிட்டுக் கோவிலுக்குள் நுழைகின்றனர். அதே கோட்டைப் பகுதியில்தான் கேரள அரசின் மத்திய ஆவணக் காப்பகமும், 2022 டிசம்பரில் அங்குத் திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் உள்ளன. சுவடி என்றதும் இலக்கியமும் மருத்துவமும் சோதிடமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இங்குச் சுருணை சுருணையாகக் கட்டி வைக்கப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி நிலம், வரி, கோவில் செலவு, நிர்வாகம் ஆகியவை பற்றிய ஆவணங்கள். எந்த வருவாய் எந்தச் செலவுக்கு உரியது என்பதை எழுதி வைப்பது இந்தக் கோட்டையின் பழைய தொழில்களுள் ஒன்று.

இன்று இந்தியப் பள்ளிக்கல்வியில் அதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. பல திட்டங்களின் வழியே ஒன்றிய அரசிடமிருந்து வரும் மானியங்களை ஒரே தொகையாகச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு நோக்கத்துக்கும் உரிய பங்கு உரியவரைச் சென்றடைந்ததா என்பதை எப்படி அறிவது? இக்கேள்விக்குத் திருவிதாங்கூரின் வரலாறு பயனுள்ள விடைகளைத் தருகிறது.

1750இல் மார்த்தாண்ட வர்மர் செய்த திருப்படிதானத்தால் நாடு முழுவதும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணிக்கப்பட்டது; மன்னர் பத்மநாபதாசராக ஆண்டார். கோட்பாட்டளவில் அனைத்தும் ஒரே உடைமை. நடைமுறையில் அவ்வாறு நடக்கவில்லை. கோவிலுக்கு உரிய நிலங்கள் ‘ஸ்ரீபண்டாரவகை’ என்றும், அரசுக்கு உரியவை ‘பண்டாரவகை’ என்றும், அரச குடும்பத்துக்கு உரியவை ‘கண்டுகிருஷி’ என்றும் வேறு வேறு பெயர்களில் பதிவாயின. இறைவனுக்கே எல்லாம் உரியது என்று அறிவித்த அரசு கூட, கணக்கெழுதும்போது ‘ஸ்ரீ’ என்ற ஓரெழுத்தால் இரு வருவாய்களைப் பிரித்து வைத்தது. உடைமை ஒன்றானாலும் கணக்கு ஒன்றாகக் கூடாது என்ற புரிதல் அதில் உண்டு.

அந்தப் புரிதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தளர்ந்தது. கர்னல் ஜான் மன்றோ 1810இல் ஆங்கிலேய ரெசிடெண்டாக வந்து, 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பையும் வகித்தார். அக்காலத்தில் 348 பெரிய தேவசங்களும் 1,171 சிறிய தேவசங்களும் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றின் நிலங்களிலிருந்து வந்த வருவாய் அரசின் பொது வருவாயில் கலந்தது. கோவில் செலவுகள் அந்தப் பொது வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டன. ஊராளர்களின் கையில் தேவச நிதி சீரழிவதைத் தடுப்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அரசின் கடன் சுமையும் உடன் நின்ற காரணம். நிர்வாகம் எளிதாயிற்று. ஆனால் ஒரு குறிப்பிட்ட கோவிலின் நிலம் எவ்வளவு ஈட்டியது, அக்கோவிலுக்கு எவ்வளவு திரும்பியது என்ற தொடர்பு ஆண்டுக்கு ஆண்டு மங்கியது.

இந்த இணைப்புக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1817இல், ராணி கௌரி பார்வதி பாயி கல்விக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற புகழ்பெற்ற நீட்டைப் பிறப்பித்தார். கேரளக் கல்வி வரலாற்றின் தொடக்கப் புள்ளியாக அது கொண்டாடப்படுகிறது. அந்தச் செலவு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. தேவச நிலத்தின் விளைச்சலும், உழவரின் வரியும், வணிகரின் சுங்கமும் ஒன்றாய்க் கலந்த பொது வருவாயிலிருந்தே அது வந்தது. எல்லோருடைய பணமும் அதில் இருந்தது. எல்லோருடைய பிள்ளைகளும் அப்பள்ளிகளில் இருக்கவில்லை. புலையர், பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரின் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகளின் கதவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலும் அடைந்தே கிடந்தது. அய்யன்காளியின் தலைமையில் விவசாயத் தொழிலாளர் வயலில் இறங்க மறுத்துப் போராடிய பின்னரும், சேர்க்கைக்கு ஆணை பிறந்த பின்னரும், ஊரூட்டம்பலத்தில் பள்ளிக்கூடமே தீக்கிரையாக்கப்பட்டது. பொது நிதி என்ற பெயர் ஒன்றே பொதுப் பயனை உறுதி செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்தப் பேரேட்டில் அக்குழந்தைகளுக்கென ஒரு தலைப்பு இருந்ததில்லை. இல்லாத தலைப்பில் பற்றாக்குறையை யாரும் காட்ட முடியாது.

கணக்கைக் கலந்ததன் மற்றொரு விளைவு இன்னும் வியப்பானது. தேவச நிர்வாகமும் நிலவரி நிர்வாகமும் ஒரே துறையில் இருந்தன. கோவில் பொறுப்பும் அத்துறை அலுவலர்களிடம் இருந்ததால், அதன் பதவிகள் கிறித்தவர், முஸ்லிம்கள், ஈழவர் உள்ளிட்ட அவர்ண இந்துக்கள் ஆகியோருக்கு மறுக்கப்பட்டன. வரி செலுத்தும்போது இல்லாத தீட்டு, வரி வசூலிக்கும் பதவிக்கு வந்தபோது குறுக்கே நின்றது. 1919ஆம் ஆண்டையொட்டி வலுப்பெற்ற பௌர சமத்துவ இயக்கத்தின் மையக் கோரிக்கை தேவசத்தை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதே. படித்த இளைஞர்களின் வேலை உரிமை, ஒரு கணக்கு முறையின் கேள்வியாக அங்கே வடிவெடுத்தது.

1922இன் தேவசப் பிரகடனம் பிரிவினையைச் செய்தது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கலந்த பணத்தை நிலம் நிலமாகப் பிரித்தெடுப்பது இயலாத காரியம். எனவே நிலவரி வருவாயில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத தொகை தேவச நிதிக்கு என்று ஒரு விகிதம் வகுக்கப்பட்டது. விகிதம் பின்னர் நிலைத்தொகையாயிற்று. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோதும் அத்தொகை உடன்படிக்கையில் இடம்பெற்றது. 1956இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ்ப் பகுதிகள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது அதையும் பங்கிட வேண்டியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 290அ பிரிவு கேரளத்தின் தொகுநிதியிலிருந்து ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், தமிழ்நாட்டின் தொகுநிதியிலிருந்து 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் தேவச நிதிகளுக்கு வழங்கப்பட வேண்டும் என்கிறது. மன்றோ காலத்தில் ஒரு வரியில் கலந்த கணக்கைத் தீர்க்க, ஒரு குடியரசின் அரசமைப்பிலேயே இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நிதியை இணைப்பதே தவறு என்று முடிவு செய்தால் அதுவும் பிழையாகும். 1958இன் கேரளக் கல்விச் சட்டம் அதற்கு எதிர்ச்சான்று. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் கையொப்பமிட்ட தொகை ஒன்று, கையில் பெற்ற தொகை வேறொன்று என்ற குறை நெடுங்காலமாக இருந்தது. அச்சட்டம் கட்டண வசூலை அரசின் கணக்குக்குக் கொண்டுவந்து, ஆசிரியர் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்க வழிசெய்தது. மேலாளர்களின் தனித்தனிப் பெட்டிகள் ஒன்றாயின. ஆனால் ஒவ்வோர் ஆசிரியரின் பெயரும் ஊதியப் பட்டியலில் தனி வரியாக நின்றது. ஒன்றான நிதி அங்கே நன்மை தந்ததற்கு அந்த வரியே காரணம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இச்சிக்கல் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. 1965இன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் முதலாம் தலைப்பு, ஏழைக் குழந்தைகளின் கல்விக்குக் கூட்டரசு மானியம் அளித்தது. அந்நிதி பல மாவட்டங்களில் பொதுச் செலவில் கரைந்துபோவதை 1969இல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் ஆகியோரின் அறிக்கை வெளிப்படுத்தியது. கூட்டரசின் மானியம் உள்ளூர் நிதியோடு கூடுதலாகச் சேர வேண்டுமே தவிர அதற்கு மாற்றாகக் கூடாது என்ற விதி இறுக்கமாயிற்று. விதிக்கு அஞ்சிய பள்ளிகள் ஏழைக் குழந்தைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துச் சென்று கற்பிக்கத் தொடங்கின. கணக்கு தூய்மையாயிற்று, குழந்தை தன் வகுப்பைத் தவறவிட்டது. எனவே 1978இல், மாணவரில் 75 விழுக்காட்டினர் ஏழைகளாக உள்ள பள்ளிகள் முழுப்பள்ளித் திட்டமாக இயங்கலாம் என்ற இசைவு வந்தது. அந்த வரம்பு 1994இல் 50ஆகவும், 2001இன் சட்டத்தில் 40ஆகவும் தளர்ந்தது. அவ்வகைப் பள்ளி பல மானியங்களை ஒன்றிணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவுக் கணக்கு வைக்க வேண்டியதில்லை. ஆயினும் இணைந்த ஒவ்வொரு திட்டத்தின் நோக்கமும் நிறைவேறியது என்பதைக் காட்டும் கடமை அதற்கு உண்டு. ரூபாய்க்கு ரூபாய் தடம் காட்டும் கடமையின் இடத்தில் நோக்கத்துக்குத் தடம் காட்டும் கடமை வந்தது.

இந்தியாவில் 2018இல் சர்வ சிக்ஷா அபியான், ராஷ்ட்ரிய மத்யமிக் சிக்ஷா அபியான், ஆசிரியர் கல்வித் திட்டம் ஆகிய மூன்றும் சமக்ர சிக்ஷா என்ற ஒரே திட்டமாயின. கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. முன்பு தொடக்கப்பள்ளிக்கு 5,000 ரூபாய் பள்ளி மானியம், தனியே பராமரிப்பு மானியம், ஆசிரியருக்கு 500 ரூபாய் கற்பித்தல் கருவி மானியம் எனத் தனித்தனியே வந்தவை குறுகிய நோக்கங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தன. கரும்பலகைக்கு வந்ததைக் கூரைக்குச் செலவிட முடியாது. இப்போது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பெரும்பாலும் 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை கூட்டு மானியம் வருகிறது. மிகச் சிறிய பள்ளிகளுக்கு அதைவிடக் குறைவு. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு என்பது போன்ற ஒரு சில வரையறைகளே உள்ளன. தலைமையாசிரியருக்கு இது உண்மையான விடுதலை.

ஆனால் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஒற்றை முனைய முகமை முறையில் பணம் பள்ளியின் வங்கிக் கணக்கில் தங்குவதில்லை. மாநில அளவிலான ஒரே கணக்கில் அது இருக்கிறது. பள்ளிக்கு இருப்பில்லாத துணைக் கணக்கும் செலவு வரம்பும் மட்டுமே உண்டு. செலவாகாத பணம் ஆயிரக்கணக்கான கணக்குகளில் முடங்குவது தவிர்க்கப்படுகிறது. அதே வேளையில் அந்த ஒற்றை ஊற்று அடைபட்டால் அத்தனை வாய்க்கால்களும் ஒருசேர வறளும். பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தை முன்னிட்டுக் கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகியவற்றுக்கு நிதி நிறுத்தப்பட்டபோது இதுவே நிகழ்ந்தது. தமிழ்நாடு 2024-25க்கு உரியதாகக் கோரிய தொகை 2,151 கோடி ரூபாய்க்கு மேல். மாற்றுத்திறன் குழந்தைகளின் சிறப்பாசிரியர் ஊதியம், பயிற்சி, கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளிகளில் சேர்ந்த குழந்தைகளுக்கான ஈடு என ஒன்றோடொன்று தொடர்பற்ற கடமைகள் ஒரே தாழ்ப்பாளுக்குள் அகப்பட்டன. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குரிய கூறைப் பிரித்து வழங்குவதைப் பரிசீலிக்குமாறு ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. திட்டத்தின் கணக்கில் அந்தக் கூறு தனித் தலைப்பாக அடையாளம் காணத்தக்கதாய் இருந்ததால்தான் அவ்வாறு கேட்க முடிந்தது. திருவிதாங்கூரின் தேவச வருவாயைப் போல அடையாளமின்றிக் கலந்திருந்தால், அதைப் பிரிக்கவும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கும்.

பள்ளி நிதி குறித்த விவாதங்கள் பெரும்பாலும் இணைப்பதா, பிரிப்பதா என்ற இருமுனைகளிலேயே நின்றுவிடுகின்றன. வரலாறு காட்டும் வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. இணைக்கும் நாளிலேயே, இணையும் ஒவ்வொரு தொகையின் மூலமும் நோக்கமும் உரியவரும் எழுதப்பட்டனவா என்பதே முதற்கேள்வி. செலவில் நெகிழ்வு பள்ளிக்கு வேண்டும். சிறப்பாசிரியர் வேண்டிய குழந்தைக்கும், பட்டியல் சாதிக் குழந்தைக்கும், இலவச இடத்தில் சேர்ந்த குழந்தைக்கும் பேரேட்டில் அழியாத ஒரு வரி வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கிழக்கேகோட்டைக்குள் இருந்த கணக்கர்கள் ஒரே தெய்வத்தின் உடைமையாகக் கருதப்பட்ட நாட்டில் ‘ஸ்ரீ’யை எழுதி இரு கணக்குகளைப் பேணினர். அந்த ஓரெழுத்தைக் காக்கும் வேலை இன்று மாநிலத் திட்ட அலுவலகங்களிலும், பயனீட்டுச் சான்றிதழ் எழுதும் தலைமையாசிரியர் மேசைகளிலும், அவற்றைச் சரிபார்க்கும் தணிக்கையாளரிடமும் இருக்கிறது.