முதுமையில் இளைத்துப் போவது இயல்பா? பெரியவர்களின் உணவும் நம் பொறுப்பும்

'வயதாகிவிட்டது, அதனால் இளைத்துவிட்டார்' என்று வீட்டுப் பெரியவர்களைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சட்டை தொளதொளவென்று ஆவதும், மோதிரம் கழன்று விழுவதும், அரைக் கிண்ணம் கஞ்சியோடு எழுந்துவிடுவதும் முதுமையின் அடையாளங்களாகவே நமக்குத் தெரிகின்றன. முதியோருக்கான உணவியல் நிபுணர்கள் இதை ஏற்பதில்லை. முயற்சி செய்யாமலேயே எடை குறைந்தால், அதற்குப் பின்னால் சத்துக்குறைவோ, கவனிக்கப்படாத நோயோ இருக்கக்கூடும். அதைக் கண்டறியலாம், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும்.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமப்புற அரபிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும், அந்த ஒன்று முதுமை என்றும் தெளிவுபடுத்தினார்கள். இச்செய்தி திர்மிதி, அபூதாவூத் நூல்களில் உள்ளது. முதுமைக்கு மருந்தில்லை என்ற பின்பகுதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். முதியவருக்கு வரும் மற்ற நோய்களுக்கு நிவாரணம் உண்டு என்ற முன்பகுதியை மறந்துவிடுகிறோம்.

ஏன் இளைக்கிறார்கள்?

வயது ஏற ஏற தசை குறைகிறது. மருத்துவர்கள் இதை 'சார்க்கோபீனியா' என்கிறார்கள். உணவு போதாமல் போனாலும், நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தாலும் இது வேகமெடுக்கும். தசை குறைந்தவர் எளிதில் தடுமாறி விழுகிறார். விழுந்து எலும்பு முறிந்தால் மீண்டும் படுக்கை, மேலும் தசை இழப்பு என்று அது ஒரு சுழற்சியாகிவிடுகிறது.

சாப்பாடு குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. பல் இல்லாமை, சரியாகப் பொருந்தாத பல்செட், நாவின் சுவை மங்குவது, மலச்சிக்கல், விழுங்குவதில் சிரமம், பசியைக் கெடுக்கும் மாத்திரைகள், மனச்சோர்வு ஆகியவை அவற்றில் சில. துணையை இழந்தவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட விரும்பாமல் தட்டை ஒதுக்குவதும் உண்டு.

இன்னொரு காரணம் நாமே ஏற்படுத்துவது. சர்க்கரைக்காக ஒன்று, இரத்த அழுத்தத்துக்காக ஒன்று, கொழுப்புக்காக ஒன்று என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ரசம் சோறு மட்டும் மிஞ்சுகிறது. சாப்பாட்டைக் குறைத்துவிடும் கடும் பத்தியம் முதியவருக்குத் தீங்காகலாம், கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான 'எஸ்பென்' தன் முதியோர் வழிகாட்டுதலில் கூறுகிறது. எந்தக் கட்டுப்பாடு அவசியம், எதைத் தளர்த்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு தேவை?

வயதானவருக்கு உணவின் அளவு குறையலாம். சத்து குறையக் கூடாது. முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும் என்பது எஸ்பென் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள உம்மாவுக்கு 50 கிராம். நோயிலிருந்து தேறி வருபவருக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

ஒரு கைப்பிடி அரிசியில், அதாவது சுமார் 30 கிராமில், காய்ச்சிய கஞ்சியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம்தான் இருக்கிறது. மூன்று வேளையும் அதையே குடித்தால் 6 கிராம்தான் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 5 முதல் 6 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 6 கிராம், நடுத்தரமான ஒரு மீன் துண்டில் சுமார் 15 கிராம் கிடைக்கும். இட்லி, சோறு ஆகியவற்றில் உள்ளதையும் சேர்த்தால் 50 கிராமை எட்டுவது கடினமல்ல. ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது.

மெல்ல முடியாதவருக்குக் கஞ்சியை நிறுத்த வேண்டியதில்லை. அதைச் சத்துள்ளதாக ஆக்கினால் போதும். பாசிப்பருப்பு, பால் பவுடர், வறுத்து அரைத்த வேர்க்கடலை, நன்கு அடித்து வேகவைத்த முட்டை, கொத்துக்கறி இவற்றைச் சேர்க்கலாம். நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியே இதற்கு முன்மாதிரி. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் 'தல்பீனா' என்னும் மாவுக் கஞ்சியைக் கொடுக்கும்படி ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிவந்ததை புகாரியில் காண்கிறோம். சாப்பிட மனமில்லாதவருக்கு இலகுவான ஆகாரம் என்ற வழிமுறை அதில் இருக்கிறது.

சாப்பிடும்போது இருமுகிறார், புரையேறுகிறது, குரல் கரகரக்கிறது என்றால் அது விழுங்கும் கோளாறாக இருக்கலாம். படுத்த நிலையில் ஊட்டக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாகமும் மாத்திரைகளும்

முதியவருக்குத் தாக உணர்வு குறைந்துவிடும். கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் உடல் வறண்டுவிடும். பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானமாவது வேண்டும் என்பது எஸ்பென் கூறும் அளவு. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மாறும்.

வயிற்றில் அமிலம் சுரப்பது குறைவதால் முதியவர்களுக்கு உணவிலிருந்து பி12 உறிஞ்சப்படுவதும் குறையலாம். சர்க்கரைக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. கால் மரமரப்பு, மறதி, இரத்தசோகை இருந்தால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தாய்மார்களுக்கு வைட்டமின் டி குறைபாடும் ஏற்படலாம். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ஆறு கேள்விகள்

உலகெங்கும் உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் 'மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்' சுருக்கப் படிவத்தில் ஆறே கேள்விகள்தான் உள்ளன:

1. கடந்த மூன்று மாதங்களில் சாப்பாடு குறைந்துள்ளதா?
2. அதே காலத்தில் எடை குறைந்துள்ளதா? 3 கிலோவுக்கு மேலா?
3. படுக்கையை விட்டு எழுகிறாரா, வெளியே போய் வருகிறாரா?
4. மூன்று மாதங்களுக்குள் பெரிய மனவேதனையோ, திடீர் நோயோ வந்ததா?
5. மறதி நோய் அல்லது மனச்சோர்வு உள்ளதா?
6. உயரத்துக்கேற்ற எடை உள்ளதா? எடை, உயரம் பார்க்க இயலாவிட்டால் கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ.க்குக் குறைவா?

மொத்தம் 14 மதிப்பெண். 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல நிலை. 8 முதல் 11 வரை அபாய நிலை. 7 அல்லது அதற்குக் கீழே என்றால் சத்துக்குறைவு. மதிப்பெண்ணை நிபுணர் போடட்டும். கேள்விகளுக்கான பதில்களைத் தயாராக வைத்திருப்பது வீட்டாரின் வேலை. மாதம் ஒருமுறை எடை பார்த்துத் தேதியோடு குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இமாம்களும் ஒன்றைக் கவனிக்கலாம். நேற்றுவரை தரையில் ஸஜ்தா செய்தவர் திடீரென நாற்காலிக்கு மாறினால், மூட்டுவலிதான் என்று விட்டுவிடாமல் நலம் விசாரியுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆவதைத் தசைக் குறைபாட்டின் சாத்தியமான அறிகுறிகளில் ஒன்றாக ஆசிய நிபுணர் குழு 2019இல் வரையறுத்தது.

நோன்பும் ஃபித்யாவும்

ரமளானில் பெரியவர்கள் நோன்பை விட மறுப்பதும், பிள்ளைகள் தடுக்கத் தயங்குவதும் வழக்கம். சிரமத்துடன்தான் நோன்பு நோற்க முடியும் என்போர் ஓர் ஏழைக்கு உணவளிப்பது பற்றி அல்குர்ஆன் (2:184) கூறுகிறது. தள்ளாத வயதினருக்கும் இது பொருந்தும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம். அனஸ் (ரலி) அவர்கள் முதுமை அடைந்த பின் ஓரிரு ஆண்டுகள் நோன்பை விட்டுவிட்டு, நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்களுக்குப் பணிவிடை செய்த தோழரே ஏற்றுக்கொண்ட சலுகையை நம் வாப்பா ஏற்பதில் குறைவேதும் இல்லை.

குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பிறகு களா செய்ய வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு ஃபித்யா. ஷாஃபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து அளவு பிரதான தானியம்; ஹனஃபி மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் மதிப்பு. ஊர் அளவை ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர் நோன்பு நோற்க விரும்பினால், ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து வேளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் 'நீரிழிவும் ரமளானும்' கூட்டமைப்பும் வெளியிட்ட வழிகாட்டுதல்.

நம் பங்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். இன்று அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கிறது. ஜமாஅத்துகள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். கூடவே ஓர் எடை இயந்திரம், ஓர் அளவு நாடா, இந்த ஆறு கேள்விகள், ஓர் உணவியல் நிபுணர் என்று சேர்த்துக்கொண்டால் பெரும் செலவில்லை.

முதுமை அடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லாமல் கண்ணியமாகப் பேசும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (17:23). அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்ப்பதும், ஒரு வேளையாவது உடன் உட்கார்ந்து சாப்பிடுவதும் அந்தக் கண்ணியத்தில் சேரும்.

நம் பெற்றோருக்கு ஆரோக்கியத்தையும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை நமக்கும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.