காற்றை எதிர்த்து ஏறிய கப்பல்கள்: தேவனாம்பட்டினம் முதல் விக்ராந்த் வரை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றையொட்டிப் புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கிய கோட்டை இது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். அப்படிப்பட்ட கோட்டை 1758இல் ஏன் விழுந்தது? விடையை மதிலில் தேடிப் பயனில்லை, கடலில்தான் தேடவேண்டும். விமானந்தாங்கிக் கப்பல் ஒரு கடற்படைக்கு எதற்கு என்பதும் அந்த வழியில் போனால் விளங்கும்.

பெரிய கப்பல் ஒதுங்க இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. பாய்க்கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகேறி அலை தாண்டி வரவேண்டும். 1749 ஏப்ரலில் அடித்த புயலில் ஆங்கில அட்மிரல் பாஸ்கவனின் கொடிக்கப்பல் ‘நமூர்’ இந்தக் கோட்டைக்கு அருகே மூழ்கி 500 பேருக்கு மேல் மாண்டார்கள். கரையில் இருந்ததால் பாஸ்கவன் பிழைத்தார். அதே புயலில் ‘பெம்ப்ரோக்’ கொள்ளிடம் முகத்துவாரத்துப் பக்கம் உடைந்தது.

1758 ஏப்ரல் 29 அன்று போகாக்கின் ஆங்கிலக் கப்பற்படையும் தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. சேதமான கப்பல்களைச் செப்பனிடப் போகாக் சென்னைக்குப் போனார். மே மாதம் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்த கோட்டையைக் காக்கத் திரும்பியபோது எதிரே தென்காற்று, மீனவர் வழக்கில் சோழகம். கப்பல்களால் தெற்கே ஏற முடியவில்லை. ஜூன் 2இல் கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் சரணடைந்தது. காற்றுதான் அந்த முற்றுகையைத் தீர்த்து வைத்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

25 ஆண்டுகள் கழித்து இதே கடலில் நேர்மாறாக நடந்தது. கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். 1783 ஜூன் 20இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் 15 கப்பல்களோடு ஆங்கில அட்மிரல் ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்தார். ஆள் பற்றாக்குறையைப் புஸ்ஸியின் சிப்பாய்களைக் கப்பலேற்றிச் சமாளித்தார். ஹியூஸ் சென்னைக்கு விலகியதும் முற்றுகையிட்ட படை கடல்வழி உதவியை இழந்தது. முந்தைய ஆண்டே திருகோணமலையைப் பிடித்துத் தளமாக்கிக்கொண்டதால்தான் சுஃப்ரானால் இந்தக் கடலில் தங்க முடிந்தது.

தளத்தையே கப்பலாக்கியது 20ஆம் நூற்றாண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிகள் வங்கக் கடலையும் இலங்கைக் கடலையும் கலக்கின. 5ஆம் தேதி கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலை. அச்சத்தில் சென்னையே காலியானது. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’ மூழ்கியபோது அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. விமானம் இல்லாத விமானந்தாங்கி வெறும் இலக்குதான்.

பாகிஸ்தானுடன் போர் நடந்த 1971இல் இந்திய விமானந்தாங்கி ‘விக்ராந்த்’தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். இது சின்னச் சங்கதி அல்ல. விமானம் மேலெழும்ப, கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பி வேகமாக ஓடவேண்டும். காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்துதான் இறக்கையைத் தூக்கும். போகாக்கைத் தடுத்த எதிர்க்காற்று இங்கே துணையாகிறது. ஆனால் கப்பல் ஓடினால்தானே? வேகம் குறைந்த விக்ராந்தை, கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த தமிழர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் அந்தமானில் மறைத்து வைத்தார். அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாகப் பகைவர் நம்பும்படி ‘ராஜ்புத்’ கப்பலை நடிக்கவைத்தார். தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘காஜி’ விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி அடைபட்டது.

நீர்மூழ்கியும் ஏவுகணையும் பெருகிய காலத்தில் இவ்வளவு பெரிய கப்பல் ஆபத்து என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. விக்ராந்தையே ஒளித்துத்தானே வைக்க நேர்ந்தது. ஆனாலும், கரையிலிருந்து விமானம் எட்டாத தொலைவில் நாள்கணக்கில் நின்று காவல் காக்க வேறு கருவி இன்னும் வரவில்லை.

கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2இல் கடற்படையில் சேர்ந்த 262 மீட்டர் நீளப் புதிய ‘விக்ராந்த்’தும், 2013இல் சேர்ந்த ‘விக்ரமாதித்யா’வும் இன்று நம்மிடம் உள்ளன. ஒன்று செப்பனிடப் போனால் மிஞ்சுவது ஒன்றுதான். செப்பனிடப் போன நேரத்தில் இழந்த கோட்டையின் கதையைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிழக்கும் மேற்கும் கடல் சூழ்ந்த இந்தியாவுக்கு மூன்றாவது விமானந்தாங்கி தேவை.