வாசலில் விடப்பட்ட உயிர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலிக்கு மணியடிக்கச் சென்ற கோயில்பிள்ளை, ஆலய வாசற்படியில் கிடந்த உரச்சாக்கு ஒன்றைத் தூக்கிவந்து என்முன் வைத்தார். வாய் கட்டப்பட்டிருந்த சாக்கினுள் நான்கு பூனைக்குட்டிகள். கண் திறந்து சில நாள்களே ஆகியிருக்கும். "யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சாமி. என்ன செய்யட்டும்?" என்றார். "கண்மாய்க்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திருவுடை அணியச் சென்றேன். அன்றைய நற்செய்தி, சிட்டுக்குருவிகளைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்ற பகுதி. மறையுரை நன்றாக இருந்ததாகச் சிலர் பாராட்டவும் செய்தனர்.

மறுநாள் மாலை, பங்கைச் சேர்ந்த வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவர் வந்தார். மீன்காரர் வரும் நாள்களில் தலையும் செதிலும் கேட்டு வாங்கி, தெருப்பூனைகளுக்கு வைப்பவர் அவர். "சாமி, தாய் இல்லாமல் அந்தக் குட்டிகள் அங்கே எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?" என்று கேட்டார். விடை எனக்குத் தெரியும். சொல்லத்தான் நா எழவில்லை. மனிதரை அண்டி வாழும் இந்தச் சிறு உயிரை நம் முன்னோரும் திருச்சபையும் எவ்வாறு நடத்தி வந்திருக்கிறார்கள் என்று அறியும் ஆவல் அன்றுதான் எனக்குப் பிறந்தது. அறிந்தவற்றுள் பெருமைக்குரியனவும் உண்டு, நாணத்தக்கனவும் உண்டு.

தமிழ் மண்ணில்

பூனை நமக்குப் புதிய உறவன்று. வீட்டுக் கோழியைக் கவர வரும் காட்டுப்பூனையை 'வெருகு' என்று சங்கப் புலவர் பாடினர். விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறும் தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமையைக் 'குட்டி' என்று வழங்கலாம் என்கிறது. பூனைக்குப் 'பூசை' என்றும் ஒரு பெயர் உண்டு. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூசையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். திருப்பலியைப் பூசை என்றே வழங்கிய நம் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்று நிற்கிறது. அதன் காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி போலித் துறவை எள்ளி நகையாடப் பூனையையே தேர்ந்தான். ஆனால் வைணவப் பெரியோர் அதே உயிரில் வேறொன்றைக் கண்டனர். தாய்க்குரங்கைக் குட்டி தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாயே அதைக் கவ்விச் செல்கிறது. இறையருளைப் பெற மனித முயற்சி வேண்டுமா என்ற வினாவிற்கு, வடகலையார் குரங்கையும் தென்கலையார் பூனையையும் சான்றாகக் காட்டினர். அருளைப் பற்றிய அதே விவாதம் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நம் திருச்சபையிலும் கடுமையாக நடந்தது. குருமடத்தில் அதைப் படித்தபோது, தாயின் வாயில் தொங்கும் பூனைக்குட்டி எனக்கு நினைவுக்கு வந்ததில்லை. கட்டிய சாக்கைக் கண்டபின்பே வந்தது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இப்பொருளில் தனிச் சிறப்பு உண்டு. சித்தன்னவாசல் குன்றில் வெறும் பாறையைப் படுக்கையாகக் கொண்டு வாழ்ந்த சமண முனிவர்கள், எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைத் தம் முதல் நோன்பாகக் கொண்டிருந்தனர். அங்குள்ள குடைவரைக் கோயிலின் விதானத்தில், தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் மனிதரோடு ஒரே நீரில் கூடியிருக்கும் ஓவியத்தை இன்றும் காணலாம். நற்செய்தி இந்த மண்ணுக்கு வருமுன்பே ஜீவகாருண்யம் இங்கே பாறையில் குடியிருந்தது.

திருச்சபையின் ஏடுகளில்

விவிலியத்தில் பூனை மிக அரிது. நம் கத்தோலிக்க விவிலியத்தில் ஒரே ஓரிடத்தில், பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரமான எரேமியாவின் மடலில், அது பேசப்படுகிறது. அங்கும் அது, உயிரற்ற சிலைகளின்மேல் பறவைகளோடு வந்து அமரும் உயிராகவே காட்டப்படுகிறது.

எனினும் துறவு மடங்கள் பூனையை அன்போடு வரவேற்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஐரிஷ் துறவி ஒருவர், தாம் சொற்களைத் தேடுவதையும் தம் வெண்பூனை எலியைத் தேடுவதையும் ஒப்பிட்டுப் பாடிய கவிதை, ஆஸ்திரியா நாட்டு மடம் ஒன்றில் இன்றும் கையெழுத்துப் படியாக உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தனித்துறவுப் பெண்களுக்கென எழுதப்பட்ட ஒழுங்கு நூல், வேறெந்த விலங்கையும் வைத்திருக்க வேண்டாம், பூனை ஒன்று மட்டும் இருக்கலாம் என்று இசைவு தந்தது. எக்சிட்டர் பேராலயக் கணக்கேடுகளில், 1305 முதல் 1467 வரை, பூனையின் பராமரிப்புக்காகக் காலாண்டுதோறும் சில பென்னிகள் எழுதப்பட்டுள்ளன. சைப்பிரசுத் தீவிலுள்ள புனித நிக்கோலாசு மடத்துக்குப் பாம்புகளை ஒழிக்கப் புனித எலேனா காலத்தில் பூனைகள் கொண்டுவரப்பட்டன என்பது மரபுச் செய்தி. அங்கு வாழும் ஆர்த்தடாக்ஸ் கன்னியர் இன்றும் அவற்றைப் பேணி வருகின்றனர்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1233இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, செருமானிய நாட்டில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சாத்தான் வழிபாட்டைப் பற்றி ஒரு மடல் விடுத்தார். அச்சடங்கில் கரும்பூனை ஒன்று தோன்றுவதாக அதில் விவரிக்கப்பட்டிருந்தது. அவர் பூனைகளைக் கொல்ல ஆணையிட்டார் என்றும், அதனால் எலிகள் பெருகிக் கொள்ளைநோய் வந்தது என்றும் இன்று பலர் எழுதுகின்றனர். மடலில் அத்தகைய ஆணை இல்லை. கொள்ளைநோய் ஐரோப்பாவைத் தாக்கியது 1347இல், அதாவது நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து. ஆயினும், பொய்ப்பழியை மறுத்துவிட்டு நாம் நிம்மதியடைய முடியாது. கரும்பூனை தீமையின் உருவம் என்ற எண்ணம் கிறிஸ்தவ மக்களிடையே வேரூன்றியது. சூனியக்காரிகள் எனப் பழிசுமத்தப்பட்ட ஏழைப் பெண்களோடு அவர்களுடைய பூனைகளும் அஞ்சப்பட்டன. பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகரில், கோபுரத்திலிருந்து உயிருள்ள பூனைகளை மக்கள் திரளின் நடுவே எறியும் வழக்கம் 1817 வரை நீடித்தது. ஞானஸ்நானம் பெற்ற மக்களே அதைக் கண்டு களித்தார்கள். குறுக்கே பூனை போனால் பயணத்தைத் தள்ளிவைக்கும் நம்மவர் அவர்களிடமிருந்து வெகு தொலைவில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

உரோமை காட்டிய வழி

பூனைகளைக் கொல்லாமலும் கைவிடாமலும் ஓர் ஊரே பொறுப்பேற்பது எப்படி என்பதற்கு உரோமை நகரமே நல்ல சான்று. சீசர் கொல்லப்பட்ட இடத்தை உள்ளடக்கிய தோரே அர்ஜெந்தீனா இடிபாடுகள் 1920களில் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டன. தெருமட்டத்திற்குக் கீழே அமைந்த அக்கற்களிடையே வீடற்ற பூனைகள் அடைக்கலம் புகுந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் உணவு கொண்டுவந்தனர். 'பூனைக்காரிகள்' என்று பிறர் நகைத்த அப்பெண்களுள் புகழ்பெற்ற நடிகை அன்னா மன்யானியும் ஒருவர். 1990களில் லியா தெக்கெல், சில்வியா விவியானி என்னும் இரு பெண்கள் அங்கே முறையான காப்பகத்தை வளர்த்தெடுத்தனர்.

அவர்களுக்குச் சட்டமும் துணை நின்றது. 1991 ஆகஸ்ட் 14ஆம் நாள் இயற்றப்பட்ட இத்தாலியின் 281ஆம் எண் சட்டம், சுதந்திரமாக வாழும் பூனைகளைத் துன்புறுத்துவதைத் தடை செய்தது. அவற்றுக்கு அரசு நலத்துறை கருத்தடை செய்து, அவை வாழ்ந்த கூட்டத்திற்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் விதித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தன்னார்வலர்கள் இம்முறையைப் பரப்பி வந்தனர்.

திருப்பி விடுவது ஏன் என்று கேட்கலாம். பூனையின் கருக்காலம் ஒன்பது வாரம்; ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள்; பிறந்த ஆறு மாதத்திலேயே குட்டி தாயாகக் கூடும். ஓரிடத்துப் பூனைகளைப் பிடித்து அகற்றினால், உணவும் இடமும் அப்படியே இருப்பதால் வேறு பூனைகள் வந்து நிரப்பிவிடும். கருத்தடை செய்யப்பட்ட பூனை தன் இடத்தில் இருந்தால் கூட்டம் பெருகாது. இரவுச் சண்டையும் ஓலமும் குறையும். சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவர்.

நம் நாட்டில்

பூனையின் பயனை இந்தியா பெரிதும் உணர்ந்தது பிளேக் காலத்தில். 1896இல் பம்பாயில் தொடங்கிய அந்நோய் பல ஆண்டுகள் நாட்டை வாட்டியது. அமராவதியில் மருத்துவ அதிகாரியாயிருந்த புக்கானன் என்பவர், பூனைகள் மிகுந்த ஊர்களில் நோய் பரவாதிருக்கக் கண்டதாக 1908இல் எழுதினார். நெற்குதிரும் கடலை மூட்டையும் உள்ள நம் வீடுகளில் பூனைக்கு இடம் கிடைத்ததும் எலிகளால்தான். இன்று குதிர்கள் இல்லை. எலிக்கு நஞ்சு கடையிலே கிடைக்கிறது. வேலை போனவுடன் வேலையாளைத் தெருவில் விட்டோம். நம் காலத்துத் தெருப்பூனையின் வரலாறு சுருக்கமாக இதுவே.

சட்டத் துறையில் தமிழகத்தின் பங்கு பெரிது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொணர்ந்தார். நேரு தந்த உறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார்; 1960இல் அரசே சட்டம் இயற்றியது. 1962இல் அமைந்த விலங்குகள் நலவாரியத்திற்கு அவரே முதல் தலைவர். 1959இல் கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் சென்னையில் தொடங்கிய 'ப்ளூ கிராஸ்', தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யுமாறு நெடுங்காலம் வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி அதற்கு இசைந்தது. 2023இல் நடுவண் அரசு வெளியிட்ட கருத்தடை விதிகள், உரிமையாளர் இன்றி மக்களிடையே பிறந்து வாழும் விலங்குகளைச் 'சமூக விலங்குகள்' என்று குறிப்பிடுகின்றன. 'திரியும்' விலங்கு 'சமூக' விலங்காயிற்று. பெயர் மாறும்போது பொறுப்பும் மாறுகிறது.

மனிதருக்கே சோறில்லையே?

இவ்வாறு பேசும்போது நம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மனிதருக்கே இல்லாதபோது பூனைக்கா, சாமி?" இது பழிக்கத்தக்க கேள்வியன்று. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே, மனிதத் துயரைப் போக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. அதே பகுதிதான், விலங்குகளுக்குக் கனிவு காட்டுவது நம் கடன் என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்றும் கூறுகிறது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்க வேண்டும். 2015இல் திருத்தந்தை பிரான்சிசு எழுதிய சுற்றுமடலும், ஏழையின் அழுகுரலையும் மண்ணின் அழுகுரலையும் பிரிக்கவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சாய்த்தபோது இதை நேரில் கண்டேன். பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்தவர்களிடையே, நான் முன்பு குறிப்பிட்ட அம்மையார் ஒரு கூடையை மடியில் வைத்திருந்தார். உள்ளே அவர் பூனை. அவர் வீட்டு ஓடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தமக்குக் கிடைத்த சோற்றில் முதலில் பக்கத்திலிருந்த குழந்தைக்கு ஊட்டினார். பின் தாம் உண்டார். கடைசிப் பிடியைக் கூடைக்குள் வைத்தார். மறைக்கல்வி ஏடு கூறும் வரிசைமுறையை அவர் எங்கும் படித்தவரல்லர்.

இப்போது எங்கள் பங்கில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த அம்மையாரும் இளைஞர் சிலரும் சேர்ந்து, கால்நடை மருத்துவரின் உதவியோடு இரண்டு பெட்டைப் பூனைகளுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்தனர். மூன்றாவது பிடிபடாமல் மீண்டும் ஈன்றுவிட்டது. கடித்தால் கால் மணி நேரம் சோப்பு நீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். பேணுதல் என்பது அறிவோடு செய்யப்பட வேண்டிய பணி அல்லவா?

அந்த நான்கு குட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மையார் கேட்ட அன்று மாலை, கைவிளக்கோடு கண்மாய்க்கரைக்குப் போனேன். முட்செடியின் அடியில் சாக்கு மட்டும் கிடந்தது. வெள்ளப்பெருக்குக்குப்பின் ஆண்டவர் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதன்று. பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களோடும் செய்யப்பட்டது. அதில் ஒரு தரப்பினரை நான் சாக்கில் அனுப்பிவைத்தேன். ஒப்புரவு அருளடையாளத்தில் இதைச் சொன்னபோது, கேட்ட முதிய குரு சிரிக்கவில்லை. ஆலய வாசலில் அடுத்த முறை எது விடப்பட்டாலும் முதலில் முடிச்சை அவிழ்த்துப் பார் என்பதே அவர் தந்த பரிகாரம்.