மரேயோத்திஸ் ஏரிக்கரையில் செபித்தவர்கள் யார்?

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரை அடுத்து மரேயோத்திஸ் என்னும் ஏரி உண்டு. ஆண்டவர் இயேசு இவ்வுலகில் வாழ்ந்த அதே நூற்றாண்டில், அந்த ஏரிக்கு மேலிருந்த தாழ்ந்த குன்றொன்றில் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டத்தார் செபத்திலேயே தம் நாள்களைக் கழித்தனர். அவர்களுக்குத் 'தெரபியூத்தர்' என்று பெயர். அவர்களைக் குறித்து நேரடியாக எழுதியவர், அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோ ஒருவரே.

அப்பெயருக்கு இரு பொருள் உண்டு என்கிறார் பிலோ. அதன் கிரேக்க வினைச்சொல் குணமாக்குதலையும் குறிக்கும். இறைவனுக்குப் பணிபுரிதலையும் குறிக்கும். ஆண்டவர் நோயாளரைக் குணமாக்கியதைக் கூறும் நற்செய்தியாளர்களும் இச்சொல்லை ஆள்கின்றனர். நகர மருத்துவர் உடலுக்கு மருந்திட்டனர்; ஏரிக்கரையினரோ பேராசை, துயரம், அச்சம் முதலியவற்றால் நொந்த ஆன்மாக்களுக்கு மருந்து தேடினர்.

சொத்துகளைப் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் விட்டுவிட்டு அவர்கள் வந்தனர். ஒவ்வோர் எளிய வீட்டிலும் ஒரு புனித அறை இருந்தது. திருச்சட்டம், இறைவாக்குகள், புகழ்ப்பாக்கள் ஆகியவற்றையன்றி வேறெதையும் அதனுள் கொண்டு செல்லமாட்டார்கள். வைகறையிலும் மாலையிலும் செபித்தனர். கதிரவன் மறையுமுன் உண்ணமாட்டார்கள். ஏழாம் நாளில் எல்லாரும் பொது மன்றத்தில் கூடுவர். ஆண்களையும் பெண்களையும் பிரித்த சுவர் மூன்று, நான்கு முழ உயரமே இருந்தது. எனவே போதனை இரு சாராரின் செவிகளுக்கும் எட்டியது. அடிமைகளை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஏழு வாரங்கள் நிறைவுற்றதும் வந்த பெருவிழாவில் அப்பமும் உப்பும் ஈசோப்புமே விருந்து, நீரே பானம்.

இவர்கள் யார்? நான்காம் நூற்றாண்டில் தம் திருச்சபை வரலாற்றை எழுதிய செசரியா ஆயர் யூசேபியுஸ், தயக்கமின்றி விடையளித்தார்: புனித மாற்கு எகிப்தில் மனந்திருப்பிய முதல் கிறிஸ்தவர்களே இவர்கள்! அவர்கள் வாசித்த முன்னோர் நூல்கள் நற்செய்திகளும் திருத்தூதர் மடல்களுமாக இருக்கலாம் என்றும் கருதினார். அவரைப் பின்பற்றிப் புனித எரோணிமுஸ், யூதரான பிலோவைத் திருச்சபை எழுத்தாளர் வரிசையிலேயே சேர்த்துவிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் இது பெரும் வழக்காயிற்று. ஸ்காலிஜர் 1583இல் இக்கருத்தை மறுத்தார்; 1588 முதல் வெளிவந்த தம் வரலாற்றுத் தொகுப்பில் பரோனியுஸ் அதை ஆதரித்தார். துறவற வாழ்வு திருத்தூதர் காலத்தது என்று நிறுவுவதற்கு, இந்த ஏரிக்கரை நம்மவர்க்குத் தேவைப்பட்டது.

நாமும் இதற்கு விலக்கல்லோம். இளங்குருவாயிருந்தபோது, கன்னியர்க்கு அளித்த தியானமொன்றில், "உங்கள் முதல் சகோதரிகள் மரேயோத்திஸ் கரையில் இருந்தனர்" என்று உறுதியோடு கூறினோம். பின்னர் பிலோவின் சிறு நூலையே எடுத்து வாசித்தபோது நாணினோம். அதில் கிறிஸ்துவின் பெயர் இல்லை, சிலுவை இல்லை, திருமுழுக்கு இல்லை. அவர்கள் காத்தது ஓய்வுநாள். அவர்களது பந்தி, எருசலேம் ஆலயத்தின் காணிக்கை அப்பங்களை நினைவில் கொண்டிருந்தது. விழா இரவில் இரு பாடற்குழுவினரும் ஒன்றாகிப் பாடியது, செங்கடலைக் கடந்தபின் மோசேயும் மிரியாமும் பாடிய முறையிலாகும். கி.பி. 39-40ஆம் ஆண்டுகளில் உரோமைப் பேரரசன் காயுவிடம் தூது சென்ற காலத்தைப் பற்றி எழுதும்போதே, பிலோ தம்மை முதியவர் என்கிறார். அவர் காட்டும் தெரபியூத்தரிடமோ முன்னோர் விட்டுச்சென்ற பழைய நூல்கள் இருந்தன.

1879இல் லூசியுஸ் என்னும் அறிஞர், அந்நூலே பிற்காலக் கிறிஸ்தவர் ஒருவரின் புனைவு என்றார். 1895இல் கோனிபியர் அது பிலோவின் நூலே என்று நிலைநாட்டினார். எசேனரோடு அவர்களுக்கு உறவு உண்டா என்ற ஆய்வு தொடர்ந்தாலும், அவர்கள் யூதர் என்பதே அறிஞர்களின் பொதுவான முடிபு.

அப்படியானால் நாம் இழந்தது என்ன? ஒன்றுமில்லை என்றே எண்ணுகிறோம். துறவு மடத்தைக் குறிக்கும் 'மொனஸ்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல், நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில் முதன்முதலாகக் காணப்படுவது தெரபியூத்தரின் செப அறைக்குப் பெயராகத்தான். புனித வனத்து அந்தோணியார் பாலைநிலம் புகுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, அதே எகிப்தில், ஆபிரகாமின் மக்கள் தனிமையில் இறைவனைத் தேடினர். அவர்களை நம்மவர் என்று எழுதிக்கொண்டபோது, அவர்தம் செபத்தை அவர்களிடமிருந்தே பறித்துவிட்டோம். யூத மக்களோடு நமக்குள்ள ஆன்மிக உறவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நினைவூட்டியது. நம் புகழுக்காகப் பிறர் தவத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. பெற்ற கடனை ஒப்புக்கொண்டால் போதும்.

விழா இரவு முடிந்ததும் அவர்கள் கிழக்கு நோக்கி நின்று, கைகளை உயர்த்தி, உள்ளத்திற்கு ஒளி வேண்டினர். அடுத்தமுறை அக்கன்னியரிடம் பேசக் கிடைத்தால் இதைத்தான் கூறுவோம்: அவர்கள் உங்கள் சகோதரிகள் அல்லர், உங்களுக்கு முன்னே விடியலைப் பார்த்து நின்ற அன்னையர்.