ஒரு சொல்லுக்கு மட்டும் எதிரொலி

ஒரு குரல்பதிவை ஆடாசிட்டியில் திறந்து, அலைவடிவத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் எக்கோவை அழுத்திப் பாருங்கள். அந்தச் சொல் எதிரொலிக்கும். ஆனால் தேர்வு முடிகிற இடத்தில் எதிரொலியும் கத்தியால் நறுக்கினதுபோல நின்றுவிடும். ஏன்னா, மென்பொருளிடம் நாம் சொன்னது ‘இந்த எல்லைக்குள் மட்டும்’ என்பதுதான். எதிரொலியோ எல்லைக்குள் அடங்குகிற சாமான் இல்லை. சொல் முடிந்த பிறகுதான் அதற்கு வாழ்வே. அதனால் அந்தச் சொல்லை நகலெடுத்துத் தனி டிராக்கில் ஒட்டி, பின்னால் சில நொடிகள் மௌனம் சேர்த்து, அங்கேதான் எக்கோ போட வேண்டும். குறும்படங்களுக்கு ஒலி வெட்டி ஒட்டுகிற வேலையில் வாரத்துக்கு நாலு முறையாவது இதைச் செய்கிறேன். அப்போதெல்லாம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். அவரிடம் போய்ச் சேர கொஞ்சம் சுற்ற வேண்டும்.

முதலில் ஒரு குளியலறை. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளர், ஹார்மோனிகா வாசிக்கும் ஒரு குழுவின் ‘பெக் ஓ மை ஹார்ட்’ பாட்டைப் பதிவு செய்தார். வாசிப்பைக் குளியலறையில் வைத்த ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, சுவர் ஓடுகளில் பட்டுத் திரும்புவதை இன்னொரு மைக்கில் பிடித்து மூல ஒலியோடு கலந்தார். பாட்டு பெரிய ஹிட். நம் குளியலறைப் பாடகர்கள் அறிந்த ரகசியம்தான், அவர் அதை ஒயர் வழியாகக் கொண்டு வந்தார், அவ்வளவே. இங்கே கவனிக்க வேண்டியது, கலவை எவ்வளவு என்பது இப்போது ஒரு குமிழின் கையில் இருக்கிறது. அறையும் பாடுகிறவரும் தனித்தனி ஆகிவிட்டார்கள்.

அடுத்து லண்டன், 1966 ஏப்ரல். பீட்டில்ஸ் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டைப் பதிவு செய்யும்போது, தன் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலக் கேட்க வேண்டும் என்றார் ஜான் லெனன். பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20. ஹாமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒலியைச் சுழற்றிவிடும் கொம்பு ஒன்று உண்டு. லெனனின் குரலை அதற்குள் அனுப்பிவிட்டார். எனக்குப் பிடித்த விஷயம், இதை முழுப் பாட்டுக்கும் செய்யவில்லை. முதல் பாதியில் குரல் இரட்டிப்பாகக் கேட்கிறது, அவ்வளவுதான். நடுவில் வரும் கிட்டார் பகுதிக்குப் பிறகே சுழற்சி. ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஒரே ஆள் பாதி வழியில் வேறு ஆளாகிறார். மாற்றம் தெரிய வேண்டுமென்றால் மாறாத பகுதி ஒன்று வேண்டும்.

1977இல் பெர்லினில் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டுக்கு டோனி விஸ்கான்டி செய்தது இன்னும் சாமர்த்தியம். மூன்று மைக்குகள். ஒன்று வாயருகே, அடுத்தது சுமார் 6 மீட்டர், மூன்றாவது சுமார் 15 மீட்டர் தூரத்தில். தூரத்து மைக்குகளுக்குக் கதவு மாதிரி ஒரு கருவி. குரல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்ந்தால்தான் அது திறக்கும். போவி முணுமுணுக்கும்போது அறை கிடையாது. கத்தும்போது மொத்தக் கூடமும் சேர்ந்துகொள்ளும். எந்த இடத்தில் எஃபெக்ட் வர வேண்டும் என்பதைப் பாடகரின் தொண்டையே முடிவு செய்தது.

சரி, இப்போது கிங்ஸ்டன்.

ஆஸ்போர்ன் ருட்டக், 1941இல் பிறந்தவர், ஊர் அறிந்த பெயர் கிங் டப்பி. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதுதான் தொழில். சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். நம் ஊர்த் திருவிழா மைக்செட்டைப் பல மடங்கு பெருக்கி, அதைச் சுற்றி ஒரு தெருவே ஆடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1960களின் கடைசியில் அங்கே ஒரு வழக்கம் வந்தது: இசைத்தட்டின் முதல் பக்கத்தில் பாட்டு, மறுபக்கத்தில் அதே பாட்டின் குரல் நீக்கிய இசை. இதில் கலையைவிடக் கணக்கு அதிகம். மறுபக்கத்துக்கென்று தனியாக வாத்தியக்காரர்களைக் கூப்பிட வேண்டாம், ஸ்டூடியோ வாடகை மிச்சம்.

அந்தச் சிக்கனப் பக்கத்தைத்தான் டப்பி எடுத்துக்கொண்டார். வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த வீட்டிலேயே ஸ்டூடியோ. வேறொரு ஸ்டூடியோ கழித்துவிட்ட பழைய எம்சிஐ மிக்ஸர். நான்கு டிராக் டேப். குரல் பதிவு செய்யும் அறை எது தெரியுமா? குளியலறை! புட்னத்துக்கும் இவருக்கும் இடையில் ஒரு குழாய் ஓடுவதுபோலத் தோன்றும் எனக்கு.

அவர் செய்தது இதுதான். குரலின் ஒரு பங்கை எக்கோ கருவிக்கு அனுப்பும் வழியை ஒரு சொல்லுக்கு மட்டும் திறப்பார். அடுத்த கணம் குரலையே இறக்கிவிடுவார். பாடகர் போய்விட்டார், ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன சொல் மட்டும் தேய்ந்து தேய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். கீழே பேஸும் டிரம்ஸும் மட்டும். எதிரொலி தனி வழியில் ஓடியதால் யாரும் அதன் வாலை நறுக்கவில்லை. நான் தனி டிராக்கில் ஒட்டிச் செய்கிற வேலையை அவர் விரலாலேயே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தார். இடி வேண்டுமென்றால் ஸ்பிரிங் ரிவர்ப் பெட்டியையே தட்டுவார். அன்டூ என்ற பேச்சே இல்லை. இன்னொரு முறை கலந்தால் இன்னொரு பாட்டு.

அகஸ்டஸ் பாப்லோவின் தயாரிப்பில் ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு காதல் பாட்டு, டப்பியின் கையில் ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ ஆனது. மில்லரின் குரல் அதில் துண்டு துண்டாக வந்து போகிறது. ஒரு வரியைத் தொடங்குவார், முடிக்க விடமாட்டார்கள். இன்று உலகம் அதிகம் கேட்பது மூலப் பாட்டை அல்ல, இதைத்தான். எனக்கு இது நெருடுகிறது. 1980இல் கார் விபத்தில் இறந்தபோது மில்லருக்கு 27 வயது. பாதிச் சொற்களாக, வேறொருவர் தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் ஒலித்துக்கொண்டிருப்பதை அவர் விரும்பியிருப்பாரா? டிரம்ஸ் அடித்தவருக்கு இந்த மறுபக்கத்தில் என்ன மிஞ்சியது? அதே சமயம், முழுசாகக் கேட்டால் நல்ல காதல் பாட்டு என்று கடந்துபோகிற குரல், துண்டாகும்போதுதான் என்னை உலுக்குகிறது. இரண்டும் உண்மை. ஒரு நேர்காணல் பதிவில் யாரோ ஒருவரின் ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது, என் கை கொஞ்சம் தயங்குவது இதனால்தான்.

1989 பிப்ரவரி 6ஆம் தேதி இரவு, ஸ்டூடியோவிலிருந்து திரும்பிய டப்பியை வீட்டு வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். வயது 48. கொன்றது யாரென்று தெரியவில்லை. இரண்டாம் கையாக வாங்கிய அந்த எம்சிஐ மிக்ஸர் இப்போது அமெரிக்காவில், சியாட்டில் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் இருக்கிறது.